நாலாவது இலை

அம்பு ஒட்டியிருக்கிறாள். சிவப்பு அம்பு, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. செக்கிங்கில் நிற்கிற பெண்கள் பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அதைக் காட்டி ஒட்டுவார்களே, அந்த ஸ்டிக்கர். மரகதத்தின் முந்தானையில், வளையலில், சில நாள் முடியில்கூட ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். ஒருதரம் சோற்றிலிருந்தே எடுத்துப் போட்டேன். ஆனால் இது தவறிப்போய் ஒட்டியது இல்லை. வான்நீலப் பனியன் துண்டில் நான் ஊசியால் போட்டுக்கொண்டிருக்கும் கோவைக்கொடிக்கு ஏழு இலை. முதல் மூன்றுக்கு ஒரு குறையும் இல்லை. நாலாவது இலையின் ஓரத்தில் மூன்று தையல் கோட்டைத் தாண்டிப் போய்ப் பல்லைக் காட்டுகிறதே, அங்கே, சரியாக அங்கே, முனையை வைத்திருக்கிறாள். என் மனைவி பதினாறு வருசமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். ஒரு பனியனுக்கு அரை நிமிசம்தான் கொடுப்பார்கள், அதற்குள் முன்பக்கம் பின்பக்கம் கை கழுத்து எல்லாம் பார்த்து முடித்துவிடுவாள். இலை கோணியிருப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்ததா, ஏன் கோணியது என்பதும் தெரிந்துவிட்டதா. அம்பு அதைச் சொல்லாது. அது இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். காரணம் என் இடது கை. அது நடுங்குகிறது. பத்து மாசமாக நடுங்குகிறது. மரகதத்துக்குத் தெரியாது என்று இன்று காலை எட்டேகால் மணி வரைக்கும் நினைத்திருந்தேன்.

எட்டேகாலுக்கு நான் நைட் ஷிப்ட் முடிந்து உள்ளே நுழைவேன், எட்டரைக்கு அவள் கம்பெனி பஸ் பிடிக்க வெளியே போவாள். நடுவில் இருக்கிற கால்மணி நேரம்தான் எங்கள் குடும்பம். அந்தக் கால்மணியில் குழம்பு எதில் இருக்கிறது, தண்ணி வந்ததா, கேஸ் எப்போது தீரும், எல்லாம் பேசி முடித்தாக வேண்டும். இன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, மத்தியானம் ஒரு மணிக்கு பர்மிசன் சொல்லிட்டு வந்தர்றேன். தூங்கிப்போயிராதீங்க. உங்ககிட்ட ஒண்ணு பேசோணும்." என்ன பேசணும் என்றேன். "வந்து சொல்றேன். பஸ்சு போயிரும்." போய்விட்டாள். பேசோணும். பதினாறு வருசத்தில் அவள் பர்மிசன் போட்டது என் கை விரலுக்குள் அடங்கிவிடும். பேசோணும் என்று சொல்லி வைத்துவிட்டுப் பேசியது ஒரே ஒருதரம். எட்டு வருசம் முன்னால் ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கும் இதே மாதிரி பேசோணும் என்றாள், வந்தாள், அரிசி டப்பாவுக்குள் நான் ஒளித்திருந்த பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேசோணும் என்று சொன்னவள் பேசாமல் நின்றதுதான் என்னை அடித்தது. அன்றோடு விட்டேன். விட்ட பிறகு முதல் பத்து நாள் கை இரண்டும் காற்றில் ஆடிய காகிதம் மாதிரி ஆடின. டம்ளரை அவள்தான் பிடித்துக் குடிக்கக் கொடுத்தாள், சிந்தினால் தன் முந்தானையிலேயே துடைத்தாள். என் கை நடுங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அவளுக்குத் தெரியும். அதுதான் பயம். மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்திருப்பாள். நாலாவது இலையைப் பார்த்திருப்பாள், அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவியிருப்பாள், ஒன்றும் கிடைத்திருக்காது, கிடைக்காததால் இன்னும் சந்தேகப்பட்டிருப்பாள். எழுந்து போய் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தேன். அரிசி மேலாக ஒரு பள்ளம் இருந்தது. உழக்கால் அள்ளினாலும் பள்ளம் விழும்தான். கையால் துழாவினாலும் விழும்.

தூங்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புப் பனியன் துணி அடித்திருக்கிறேன், உள்ளே சாயங்காலம் மாதிரி இருட்டாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக் குக்கர் மூணாவது விசில் விட்டுவிட்டது, இந்த நேரத்துக்கு நான் பாதித் தூக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணை மூடினால் மிஷின் சுற்றுகிறது. நான் நிட்டிங் ஓட்டுகிறவன். தலைக்கு மேலே தொண்ணூறு கோன் நூல், தொண்ணூறும் கீழே இறங்கி வட்டமாகப் பின்னிக்கொண்டு துணியாகப் போகும். எது அறுந்தாலும் மிஷின் நிற்கும், விளக்கு எரியும், அறுந்ததைப் பிடித்து முடிச்சுப் போட்டு, பீங்கான் கண்ணுக்குள் கோத்து, மறுபடி ஓட விட வேண்டும். நூல் அறாத நேரத்தில் வேலை இல்லை. குடியை விட்ட புதிதில் அந்த வேலை இல்லாத நேரம்தான் என்னைத் தின்றது. கைக்கு ஏதாவது வேண்டும். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஒரு குழந்தை கவுன் கிடந்தது, நெஞ்சில் ஒரு வாத்து. வாத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு நூலாகப் பிரித்தேன். எங்கே குத்தியிருக்கிறார்கள், எங்கே எடுத்திருக்கிறார்கள், எங்கே திருட்டுத்தனமாக ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவியிருக்கிறார்கள். முழு வாத்தும் பிரிந்து முடிந்தபோது எனக்கு மூணு தையல் தெரிந்திருந்தது. பேர் தெரியாது. நானாக எறும்பு, சங்கிலி, மீன்முள் என்று வைத்துக்கொண்டேன். சங்கிலிக்கு உண்மையிலேயே சங்கிலித் தையல் என்றுதான் பேர் என்று பிறகு தெரிந்தபோது ஒரு நாள் முழுக்கச் சந்தோசமாக இருந்தது. துணி மரகதம் கொண்டுவந்தாள், கட்டிங்கில் விழுகிற கழிவு, ஒரு சாண், அரைச் சாண். நூல் என்னுடையது, கோன் தீர்ந்துபோகையில் அடியில் ஒட்டியிருக்கிற மிச்சம். ஒற்றை நூல் மெலிசு, நாலு சேர்த்து முறுக்கினால்தான் தையல் எழும்பும். முதல் தடவை பனியன் துணியை வளையத்தில் மேளம் மாதிரி இழுத்துக் கட்டிப் பூப் போட்டேன். கழற்றியதும் துணி தன் போக்குக்குச் சுருங்கிக்கொண்டது, பூ, இறுக்கி மூடின கைமுட்டி மாதிரி ஆனது. மரகதம் அப்படிச் சிரித்தாள். "பனியனை இழுத்துப் பிடிச்சா அது நம்மளை ஏமாத்தத்தானுங்க செய்யும்." பிறகு அடியில் காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுக்கக் கற்றுக்கொண்டேன். இழுக்காமல் பிடிக்க வேண்டும். இடது கை துணியைச் சும்மா ஏந்தியிருக்க வேண்டும். அந்தச் சும்மா ஏந்துகிற கைதான் இப்போது ஆடுகிறது.

எழுந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துப் பாயில் கொட்டினேன். எத்தனை துண்டு. சாவிக்கொத்துக்குத் தொங்கல், ஊசி குத்தி வைக்கிற சின்ன மெத்தை, மூக்குக் கண்ணாடி உறை, எதற்கென்றே தெரியாமல் போட்ட பல்லி, டீ டம்ளர், சைக்கிள் மணி. தேதி எதிலும் இல்லை. ஆனால் எனக்குத் தேதி தெரியும், நூலின் நிறம் போதும். மிஷினில் எந்த மாசம் எந்த நூல் ஓடியது என்பது எனக்கு மறக்காது. சாம்பல் கலந்த நூல் போன வருசம் தை மாசம் ஓடியது: இந்தப் பல்லி சாம்பல், கோடு தண்ணீர் மாதிரி போகிறது. மாம்பழ மஞ்சள் பங்குனி: டம்ளர், பரவாயில்லை. கரும்பச்சை சித்திரைக் கடைசி: மணி. மணியின் வளைவில் ஒரு தையல், ஒன்றே ஒன்று, பக்கத்துத் தையலின் மேல் ஏறி நிற்கிறது. அன்றைக்கு அதைப் பார்த்து வெக்கை, தூக்கக் கேடு என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. ஆடியில் கருநீலம், அப்படி மூன்று தையல். ஐப்பசியில் அரக்கு, எண்ணவில்லை. வரிசையாக அடுக்க அடுக்க யாரோ எனக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. எல்லாத் துண்டையும் அள்ளி டப்பாவில் திணித்து மூடினேன். மூடுகையில் இடது கட்டைவிரல் டப்பாவின் மேல் தட்டியது, டக் டக் டக், பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. நான் பார்த்ததும் நின்றுவிட்டது. அதுதான் அதன் குணம். பார்த்தால் நிற்கும். வேலை கொடுத்தால் நிற்கும், முடிச்சுப் போடும், கண்ணில் கோக்கும், ஒரு பிசகு இல்லை. என் நினைப்பு எங்காவது போய்விட்டால், சும்மா இருக்கிறது என்று நான் நம்பிவிட்டால், அப்போது ஆடும். வாத்தியார் திரும்பி நின்றால் சேட்டை செய்கிற பையன் மாதிரி. இல்லை, அந்த உவமை சரியில்லை, பையன் என்னுடையவன் இல்லை, கை என்னுடையது.

போன மாசம் ஒரு காலை, வீட்டுக்கு வராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். முதல் ஆள் கையை நீட்டிக் காட்டினான், அவன் கையும் ஆடியது, என்னைவிட மோசம். டாக்டர் அம்மா தலை நிமிராமல், "எத்தனை வருசமா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அவன் சொன்னான். அவ்வளவுதான் கேட்டேன், நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று இப்போதும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் நான் எட்டு வருசம் ஆச்சும்மா விட்டு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் தலை நிமிர்ந்திருப்பார். அந்தத் தலை நிமிர்வதற்குத்தான் பயந்தேன் போலிருக்கிறது. குடி என்றால் ஒரு வைத்தியம் உண்டு, விடு என்பார்கள், விடலாம். விட்டவனுக்கு ஆடுகிறது என்றால் எதை விடுவது. மிஷின் ஓட்டுகிறவர்களில் ஆறுச்சாமி என்று ஒருவர் இருந்தார். கை ஆட ஆரம்பித்தது, ஊசி மாற்றப் போன இடத்தில் நாலு ஊசியை உடைத்தார், துணி முழுக்கக் கோடு விழுந்தது. "சென்னியப்பா, பனிக்கு வெறைக்குதுப்பா," என்பார் என்னிடம், வைகாசியில். நாங்கள் எல்லோரும் குடி என்றே சொன்னோம். நானும் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த நான், குடிக்காத அவரை, குடி என்று சொன்னேன். ஏனென்றால் குடி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது எங்கே இருக்கிறாரோ. சோற்றை யார் ஊட்டுகிறார்களோ. இல்லை, அப்படியெல்லாம் போகாதே, ஒரு கட்டைவிரல்தான் ஆடுகிறது, ஒரு கட்டைவிரல், அதுவும் பார்க்காதபோது.

மணி பதினொன்று பத்து. ஒரு யோசனை வந்தது, வந்ததும் அது அற்பம் என்று தெரிந்தது, தெரிந்தும் எழுந்து ஊசியை எடுத்தேன். நாலாவது இலையைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டால் என்ன. அவள் வரும்போது இலை நேராக இருக்கும். அம்பு காட்டுகிற இடத்தில் ஒன்றும் இருக்காது. என்ன பேசோணும் என்று கேட்பேன். முதலில் அம்பை எடுக்க வேண்டும். நகத்தால் கிளப்பி என் முழங்காலில் ஒட்டி வைத்தேன், திரும்பவும் ஒட்ட வேண்டும் அல்லவா, எடுத்துவிட்டால் நான் பார்த்துவிட்டேன் என்று ஆகிவிடும். பார்த்துவிட்டு ஏன் போன் பண்ணிக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். பனியன் துணியில் பிரிப்பது பாவமான வேலை, அவசரப்பட்டு இழுத்தால் கண்ணி விட்டு ஓட்டை ஓடிவிடும். ஒவ்வொரு தையலாக ஊசிக் காதால் தூக்கி, வெட்டி, உருவினேன். பிறகு இடது கையைப் பார்த்துக்கொண்டே போட்டேன். ஊசியைப் பார்க்கவில்லை, நூலைப் பார்க்கவில்லை, கட்டைவிரலை மட்டுமே முறைத்துக்கொண்டு, அது அசையாத அளவுக்கு மூச்சையும் பிடித்துக்கொண்டு. வலது கை தானாகக் குத்தியது, எடுத்தது. முடித்துவிட்டுப் பார்த்தால் இத்தனை வருசத்தில் நான் போட்டதிலேயே அழகான இலை. ஓரம் அச்சடித்த மாதிரி. பக்கத்தில் இருக்கிற மூன்று இலையும் இப்போது கோணலாகத் தெரிந்தது. கோவை இலை அப்படி இருக்காது, இது அட்டையில் வெட்டின இலை. பொய் இலை. முழங்காலிலிருந்து அம்பை எடுத்து வைத்தால் ஒட்டவில்லை, என் வேர்வையும் முடியும் அதன் பசையைத் தின்றுவிட்டது. எச்சில் தொட்டு வைத்தேன், சுருண்டது. சோற்றுப் பருக்கை ஒன்றை நசுக்கி ஒட்டினேன். நாற்பத்தேழு வயசு ஆம்பிளை, பட்டப்பகலில், கதவைச் சாத்திக்கொண்டு, பெண்டாட்டி ஒட்டிய ஸ்டிக்கரைப் பருக்கை வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறான். சிரிப்பு வரப் பார்த்தது. பருக்கை துணியில் ஈரமாக ஊறி ஒரு வட்டம் விழுந்தது. இப்போது அம்பு ஒரு கறையைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றேகாலுக்குக் கதவு திறந்தது. வெயிலோடு உள்ளே வந்தாள், சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினாள், "தூங்கலீங்களா? தூங்கீருப்பீங்கன்னு பயந்துட்டே வந்தேன்," என்றாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பாயில் கிடந்த துண்டை எடுத்தாள், ஜன்னல் துணியை விலக்கி வெளிச்சத்தில் பிடித்தாள், அரை நிமிசம்கூட ஆகவில்லை.

"அட, அதுக்குள்ளயும் சரி பண்ணிப்போட்டீங்களா! இதென்ன ஈரம்?"

"பருக்கை."

"துணியில எதுக்குங்க பருக்கை?"

"எதுக்கு அம்பு ஒட்டுன?" என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"பின்ன? எலை கோணிட்டு நிக்குது, சரக்கு வாங்கற பையர் பார்த்தா துண்டைத் தூக்கி மூஞ்சியில எறிவான்." சிரித்தாள். "கோவிச்சுக்கிட்டீங்களா? வெளையாட்டுக்கு ஒட்டுனனுங்க. காலையிலயே சொல்லீருப்பேன், பஸ்சு வந்துருச்சு. நேத்தைக்கு உங்க டீ டம்ளரு இருக்குதுல்ல, இன்னொன்னு நீலத்துல போட்டீங்களே, அதை எங்க சாம்பிள் மாஸ்டர்கிட்டக் காட்டுனேன். கொழந்தை கவுனுக்குப் பாக்கெட்டுல வெக்கறாப்பல. ஆரு போட்டதுன்னாரு. எங்க ஊட்டுக்காரருன்னேன். நம்பவே மாட்டேங்கறாரு. கையில போட்டதா, ஆம்பளை போட்டதான்னு நாலு தடவை கேட்டாரு. இதே மாதிரி ஆறு வேணுமாம், சனிக்கெழமைக்குள்ள. சாம்பிளுக்கு. ஆறும் அச்சு மாறாம இருக்கோணும்னாரு. அதைச் சொல்லத்தான் ஓடியாந்தேன். போட்டுத் தர்றீங்களா?"

அவ்வளவுதானா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. காலையிலிருந்து நான் ஒருவனே குற்றம் சாட்டி, ஒருவனே சாட்சி சொல்லி, ஒருவனே தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன், அவள் பாட்டுக்கு பஸ்சில் உட்கார்ந்து எப்படா வீடு வரும் என்று சந்தோசத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தப்பித்துவிட்டேன். நேரமில்லை என்று சொல்லிவிடலாம், நைட் பார்த்துவிட்டு வந்து இதெல்லாம் முடியாது என்று சலித்துக்கொள்ளலாம், அவள் முகம் கொஞ்சம் வாடும், நாளைக்குச் சரியாகிவிடும். அல்லது கட்டைவிரலை முறைத்துக்கொண்டு ஆறு பொய் டம்ளர் போட்டுக் கொடுக்கலாம். ஏழாவதை யார் போடுவது. அடுத்த மாசம் என்ன நூல் ஓடுமோ, அந்த நூலில் கை எப்படி இருக்குமோ. அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த மாஸ்டர் நம்பாததை நான் ரசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன்.

"கை நடுங்குது மரகதம்."

"ஆருக்கு?"

"எனக்கு. இடது கை. பத்து மாசமா."

துண்டைக் கீழே வைத்தாள். எனக்கு நேராக உட்கார்ந்தாள். மோந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். எட்டு வருசம் முன்னால் வாசல்படியிலேயே மூக்கைக் கொண்டுவருவாள். இப்போது அசையவில்லை.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"சரி." அவ்வளவுதான் அந்தப் பேச்சு. "காட்டுங்க."

கையை நீட்டினேன். அசையவில்லை. கல் மாதிரி நின்றது. அவள் குனிந்து பார்த்தாள், விரல் விரலாகப் பார்த்தாள், திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள், குரலில் நம்பிக்கை வரப் பார்த்தது. எனக்கு அந்தக் கையை அறைய வேண்டும் போலிருந்தது. ஆடித் தொலை. பத்து மாசம் ஒளித்தேனே, இப்போது ஆடு.

"பார்த்துட்டிருந்தா ஆடாது. நெனப்பு வேற எங்கியாச்சும் போகோணும்."

"அப்ப பேசிட்டிருக்கலாம். நீங்க கையை என்ற மடியில வெச்சுட்டு மறந்துருங்க."

மடியில் வைத்தேன். அவள் யோசித்தாள். நானும் யோசித்தேன். தண்ணி, கேஸ், குழம்பு, எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "என்னத்தைங்க பேசறது," என்றாள். பிறகு, "எங்க பஸ்சுல இன்னைக்கு ஒரே கூத்து," என்று ஆரம்பித்தாள். ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டார்களாம். ஒருத்தி மற்றவள் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். டிரைவர் பஸ்சை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய் மைல்கல்லில் உட்கார்ந்துகொண்டு, "முடிச்சுப்போட்டுக் கூப்பிடுங்க தாயி, நான் இங்கதான் இருக்கறேன்," என்றாராம். மடியில் உட்கார்ந்தவள் அப்படியே டிபனைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாளாம், அடியில் இருக்கிறவள் "மேல சிந்தாதடி" என்கிறாளாம். எனக்கு அந்த டிரைவர் தெரிந்தார், மைல்கல் தெரிந்தது, அவர் துண்டை உதறித் தோளில் போடுவது தெரிந்தது, நான் அந்த ரோட்டு ஓரத்தில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் கண் கீழே போனது. நான் கீழே பார்க்கவில்லை. அவள் புடவையில் ஏதோ மெல்ல உரசுகிற சத்தம் கேட்டது, விடாமல்.

அவள் பேச்சை நிறுத்தவில்லை. டிரைவர் எழுந்து வந்தார் என்றாள், பஸ் கிளம்பியது என்றாள். கதை அங்கே முடிந்துவிட்டது, எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. கண்ணை என் கையிலிருந்து எடுக்காமல், அதே குரலில், நால்ரோட்டுல நாலு பேரு ஏறுனாங்க என்றாள். தண்ணித்தொட்டிகிட்ட ரெண்டு பேரு. பெட்ரோல் பங்க்குல ஆருமில்ல. ஒரு இடத்தில் மட்டும் செருமிக்கொண்டாள். ரைஸ் மில்லுல ஒரு புள்ள ஓடியாந்து ஏறுச்சு. அப்பறம் கம்பெனி கேட்டு வாசல். கம்பெனி வாசலுக்கு அப்பால் அந்தப் பஸ் போகிறதே இல்லை. அவள் இன்னும் அடுத்த ஸ்டாப்பைச் சொன்னாள், அதற்கு அடுத்ததைச் சொன்னாள்.